வெளியாள் வந்து உட்கார்ந்தால் ஒரு குழுவின் சத்தம் என்ன ஆகும்?

இந்த ஞாயிறு சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. பாட்டு பத்தி ஒரு நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நான் வேலை பார்ப்பது கொல்லிமலையில், குண்டனி நாட்டுப் பக்கம். கீழே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே ஊராட்சிகளுக்கு எல்லாம் 'நாடு' என்றுதான் பெயர். குண்டனி நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று மொத்தம் 14. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் செம்மேட்டில் குதிரை மேல் வல்வில் ஓரி உட்கார்ந்திருப்பார். கடையெழு வள்ளல்களில் ஒருவர்.

ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய ரெண்டு பாட்டு புறநானூற்றில் அடுத்தடுத்து இருக்கு. 152, 153. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று அஞ்சையும் துளைச்சுட்டுப் போன கதை 152-ல் தான் வருது. பள்ளிக்கூடத்தில் அதோட நிறுத்திடுவாங்க. அதுக்கு அடுத்து வர்ற வரிகள்தான் எனக்கு முக்கியம்.

வேட்டையாடியவர் யாரோ பெரிய ஆள் என்று புலவருக்குத் தோணுது. உடனே தன் கூட வந்த குழுவைப் பார்த்து வரிசையாக வேலை சொல்கிறார். நான் ஒரு பாட்டு பாடப் போறேன், நீங்க முழவுக்கு மண் பூசி ரெடி பண்ணுங்க, யாழைச் சுருதிக்குக் கொண்டு வாங்க, தூம்பை எடுங்க, எல்லரி, ஆகுளி எடுங்க. அப்புறம் ஒரு சின்ன விஷயம் சொல்றார் பாருங்க: பதலையில் ஒரு முகத்தை மட்டும், மெதுவாக.

ரெக்கார்டிங் ஸ்டுடியோ உள்ளே போயிருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் நல்லாத் தெரியும். "அண்ணே, அந்த டிரம்ஸைக் கொஞ்சம் அடக்கி வாசிங்க." சுமார் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இந்த மலையில் ஒருத்தர் அரேஞ்ச்மென்ட் பண்ணியிருக்கார்.

153 இன்னும் சுவாரசியம். ஓரியிடம் போன கலைஞர்கள் கை நிறைய வாங்கிட்டாங்க. பசி போயிடுச்சு. அதனாலேயோ என்னவோ, வாத்தியங்கள் ஒலிக்க ஆடுவதையும் விட்டுட்டாங்க, பாடுவதையும் மறந்துட்டாங்க என்கிறார் புலவர். வள்ளலைப் புகழ்வதற்காகச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் லேசா ஒரு உறுத்தல். வெளியிலிருந்து காசு வந்தது, ஆட்டமும் பாட்டும் நின்னது!

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ஆங்கிலத்தில் 'மியூசிக் புரொட்யூசர்' என்றால் காசு போடுகிறவர் இல்லை. நம்ம ஊரில் தயாரிப்பாளர் என்றாலே ஃபைனான்ஸ், வட்டி, ரிலீஸ் தேதி ஞாபகம் வந்துடும். இவர் வேற. குழு வாசிக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எந்த டேக் நல்லா இருக்கு, வேகம் சரியா, எந்த வாத்தியம் முன்னால் நிற்கணும், எந்தப் பாட்டு ஆல்பத்தில் போகணும் என்று முடிவு செய்கிறவர்.

தமிழ் சினிமாவில் இந்த வேலையையும் இசையமைப்பாளரே பார்த்துக்கொண்டார். மெட்டு அவர், வாத்திய அமைப்பு அவர், கடைசித் தீர்ப்பும் அவர். பாடகர் வந்து பாடிட்டுப் போயிடுவார். அதனால 'குழு' என்ற ஒன்று உள்ளே இருந்து பேசி, சண்டை போட்டு, ஒரு சத்தத்தை உருவாக்கும் பழக்கம் நமக்குக் குறைவு. ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழு இருந்தது உண்மை. ஆனால் அவங்க வாசிச்சது பெரும்பாலும் சினிமாப் பாட்டு.

அதனால, குழுவும் வெளியாளும் சேர்ந்தா என்ன நடக்கும் என்று புரிஞ்சுக்க கொஞ்ச நேரம் லண்டன் போய் வரணும்.

1962 ஜூன். லிவர்பூலிலிருந்து நாலு பசங்க ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவுக்கு வர்றாங்க. அங்கே ஜார்ஜ் மார்ட்டின். முறையாக இசை படித்தவர். ஆனால் அப்போது அவர் கையில் இருந்த பார்லஃபோன் லேபிள் காமெடி ரெக்கார்டுகளுக்குப் பேர் போனது. பெரிய ராக் இசை அனுபவம் எதுவும் அவருக்குக் கிடையாது.

முதல் நாளே அவருக்கு டிரம்மர் பீட் பெஸ்ட் வாசிப்பு திருப்தி இல்லை. ரெக்கார்டிங்குக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம் என்று நினைத்தார். குழுவுக்குள்ளேயும் ஏற்கெனவே புகைச்சல். ஆகஸ்டில் பீட் பெஸ்ட் வெளியே, ரிங்கோ ஸ்டார் உள்ளே. செப்டம்பரில் ரிங்கோ வந்து வாசிச்சார். அதுவும் மார்ட்டினுக்குப் பிடிக்கலை. அடுத்த வாரம் ஆண்டி ஒயிட் என்ற ஸ்டுடியோ டிரம்மரை உட்கார வெச்சு, ரிங்கோ கையில் டாம்பரினைக் கொடுத்துட்டாங்க. ஒரு வெளியாளின் காது ஒரு குழுவின் ஆள் கணக்கையே மாற்றும். முதல் பாடம் அதுதான்.

ரெண்டாவது பாடம் அதே மாசம். மார்ட்டின் வேறொருவர் எழுதிய ஒரு பாட்டைக் கொடுத்து, இதைப் பாடுங்க, ஹிட் ஆகும் என்றார். பசங்க மரியாதைக்குப் பாடி ரெக்கார்ட் பண்ணிட்டு, எங்களுக்கு இது வேண்டாம், எங்க பாட்டைத்தான் போடணும் என்று நின்னாங்க. அனுபவம் இல்லாத பசங்க, கான்ட்ராக்ட் கையெழுத்தான மை காயலை. மார்ட்டின் இறங்கி வந்தார். அந்தப் பாட்டு வேறொரு குழுவிடம் போய் நம்பர் ஒன் ஆச்சு என்பது தனிக்கதை. அவர் காது தப்பு இல்லை. ஆனால் அது இவங்க பாட்டு இல்லை.

அதுக்குப் பதிலா அவர் செஞ்ச இன்னொண்ணு: 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' என்று ஒரு பாட்டு மெதுவாக, அழுகிற மாதிரி எழுதி வெச்சிருந்தாங்க. வேகமாப் பாடிப் பாருங்கப்பா என்றார். 1962 நவம்பர் 26-ல் பாடினாங்க. மெட்டு அவங்களோடது, வார்த்தை அவங்களோடது. வேகம் மட்டும் இவர் சொன்னது. அதில்தான் அவர்கள் பீட்டில்ஸ் ஆனாங்க என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

1965-ல் பால் மெக்கார்ட்னி தனியாக கிதார் வெச்சு 'எஸ்டர்டே' பாடியபோது, இதுக்கு வயலின், வயோலா, செல்லோ சேர்க்கலாம் என்றார் மார்ட்டின். பாலுக்குத் தயக்கம். நாங்க ராக் பசங்க சார். சேர்த்துப் பார்ப்போம், பிடிக்கலைன்னா எடுத்துடலாம் என்ற பேச்சில்தான் அது நடந்தது. வயலின்காரர்கள் ரொம்ப நடுக்கி வாசிக்கக் கூடாது என்று பால் போட்ட நிபந்தனையும் அதில் உண்டு. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அந்த அமைப்பை எழுதினாங்க.

இப்போ இதோட எதிர்ப்பக்கம் பாருங்க.

1969 ஜனவரியில் இவங்களே வாசிச்சு வெச்ச டேப்புகள் ஒரு வருஷம் கிடப்பில் கிடந்தது. 1970 மார்ச்சில் அதை ஃபில் ஸ்பெக்டர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் கையில் கொடுத்தாங்க. அவருக்குப் பிடிச்சது சுவர் மாதிரி அடர்த்தியான சத்தம். 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்' என்ற பாட்டில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவும் பெண்கள் கோரஸும் ஏத்திட்டார். பாட்டை எழுதிப் பாடிய பால் அப்போ ஸ்டுடியோவில் இல்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. முடிஞ்ச பிறகு அவருக்கு ஒரு பிரதி வந்தது.

ஏப்ரலில் பால் கடிதம் எழுதினார். ஆர்க்கெஸ்ட்ராவைக் குறைங்க, அந்த ஹார்ப்பை எடுங்க, இனி இப்படிச் செய்யாதீங்க என்று. எதுவும் மாறலை, மே மாதம் ஆல்பம் வெளிவந்தது. பிறகு குழுவைக் கலைக்க அவர் நீதிமன்றம் போனபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒண்ணு. 33 வருஷம் கழிச்சு, 2003-ல், அந்த அலங்காரம் எல்லாம் உரிச்ச வடிவம் தனி ஆல்பமா வந்தது.

இசை ரசிகர்கள் இதை ரசனைச் சண்டையாகப் பார்ப்பாங்க. ஸ்பெக்டர் ஓவரா பண்ணிட்டார், மார்ட்டின் அளவாப் பண்ணினார் என்று. என் தொழில் அப்படிப் பார்க்க விடாது. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்குறோமே, சம்மதப் பத்திரம், அதோட அர்த்தம் என்ன? நான் திறமைசாலியா என்பது அங்கே கேள்வியே இல்லை. உடம்பு உங்களோடது, என்ன செய்யப் போறேன்னு சொல்லணும், நீங்க வேண்டாம்னு சொல்ல இடம் இருக்கணும். 'எஸ்டர்டே'யில் அந்த இடம் இருந்தது. இன்னொண்ணில் இல்லை. வயலின் ரெண்டிலும் இருக்கு.

இனி நம்ம ஊர்.

2017 கடைசியில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், தென்மா என்ற இசைக்கலைஞரும் சேர்ந்து ஒரு குழுவைக் கட்டினாங்க. தென்மா ராக் இசைப் பின்னணி உள்ளவர், மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நடத்தியவர். குழுவின் பேர் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து எடுத்தது. 19 பேர். 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. கோட் சூட் போட்டு மேடை ஏறினாங்க.

குழுவில் யார் இருந்தாங்கன்னு பாருங்க. வடசென்னை கானா பாடுகிறவர்கள். பறை அடிப்பவர்கள். ராப் பாடுகிறவர்கள். கிதார், டிரம்ஸ் வாசிக்கிறவர்கள். இவங்க யாருமே ஒருத்தருக்கொருத்தர் பழகின வாத்திய மொழி பேசுறவங்க இல்லை.

கானா எங்கே பிறந்து வளர்ந்ததுன்னு தெரியும்ல? சாவு வீட்டில். இறந்தவர் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்து பாடுறது. கையில் கிடைச்சதில் தாளம். பாடுறவர் மூச்சு எங்கே நிக்குதோ அங்கே வரி நிக்கும். சுருதி அவர் தொண்டைக்கு எது வசதியோ அது. பக்கத்தில் இருக்கிறவர் அவரைப் பின்தொடருவார்.

கிதாரும் பேஸும் டிரம்ஸும் அப்படி இல்லை. எல்லாருக்கும் ஒரே சுருதி முன்கூட்டியே தெரியணும். இத்தனை பார் முடிஞ்சதும் மாறணும். ஸ்டுடியோவில் காதில் 'டக் டக் டக்' என்று ஒரு கிளிக் ஓடும், அதுக்குப் பாடணும். அந்த கிளிக் உள்ளே வந்த நிமிஷம் கானாவின் எலும்பே கொஞ்சம் மாறுது.

ஒரு டாக்டர் இடைச்செருகல். ஆரோக்கியமான இதயம் கடிகாரம் மாதிரி அடிக்காது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் வேகமா, விடும்போது கொஞ்சம் மெதுவா, ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி நூல் அளவு மாறிக்கிட்டே இருக்கும். மாரடைப்பு வந்து பிழைச்சவங்களில் இந்த மாறுதல் ரொம்பக் குறைஞ்சு போனால், ஈ.சி.ஜி. அச்சு அடிச்ச மாதிரி சீரா இருந்தால், நாங்க சந்தோஷப்பட மாட்டோம். கவலைப்படுவோம். நாட்டுப்பாடலைக் கிளிக்கில் பூட்டும்போது எனக்கு அந்த ஈ.சி.ஜி.தான் ஞாபகம் வரும்.

அப்போ தென்மா செஞ்சது தப்பா? இல்லைங்க. அங்கே நடந்தது வேற. ஒண்ணு, அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரலை. மேடையில் கூட நின்னு வாசிச்சார். ரெண்டு, கானாக்காரர்கள் ஒரு சினிமாப் பாட்டுக்கு வாசனைப் பொடி மாதிரி நாலு வரி பாடிட்டுப் போகலை. பாட்டே அவங்களைச் சுத்தித்தான் கட்டினாங்க. இடஒதுக்கீடு பற்றி ஒரு கானா, மாட்டுக்கறி பற்றி ஒரு கானா, சாவு வீட்டில் பாடிய அதே தொண்டையில். மூணாவது, குழுவில் இருந்த ஒரே பெண் இசைவாணி. ஆம்பளைங்க கோட்டை என்று இருந்த கானாவில் மேடை நடுவில் நின்னார். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்தது.

எல்லாம் சுபம் என்று சொல்லலை. 19 பேர் குழு என்பது 19 வயிறு. மேடைக்குப் போய் வர்ற வேன் வாடகையே தலைவலி. கானாவின் நெகிழ்வில் கொஞ்சம் போனது உண்மை, ராக்கின் ஒழுங்கில் கொஞ்சம் போனதும் உண்மை. ஆனால் ரெண்டு பக்கமும் விட்டுக் கொடுத்ததால அது பேரம். ஒரு பக்கம் மட்டும் விட்டுக் கொடுத்தால் அதுக்குப் பேர் வேற.

அதே குழுவில் ராப் பாடியவர் அரக்கோணம் பக்கத்து அறிவு. அடுத்த கதை அவர் வழியா வருது, அது சுபமா முடியலை.

2021 மார்ச் 7. 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவருது. தீயும் அறிவும் பாடியது. தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜா என்ற புது நிறுவனம், ஏ.ஆர். ரகுமான் ஆதரவோடு வந்தது. பாட்டுக்குள்ளே அறிவின் பாட்டி வள்ளியம்மாள் கதை இருக்கு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைச்சு, நிலம் இல்லாமல் திரும்பி வந்த தலைமுறை. ஒப்பாரியின் இழுவை இருக்கு, அதுக்கு அடியில் உலகத்தில் எந்த கிளப்பிலும் போடக்கூடிய பீட் இருக்கு. கோடிக்கணக்கான பேர் கேட்டாங்க. உங்க வீட்டுக் குழந்தையும் ஆடியிருக்கும்.

அதே ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டையில் தீயும், மாஜாவின் இன்னொரு கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க. அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகவே கேட்டார், எழுதினவர் எங்கேன்னு. அடுத்த வருஷம், 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினாங்க. அறிவு இல்லை.

மூணு நாலு நாளில் அறிவு எழுதினார். யாரும் எனக்கு மெட்டோ ஒரு வார்த்தையோ கொடுக்கலை, நானே எழுதி, மெட்டமைச்சு, பாடினேன் என்ற பொருளில். சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார்: இசையமைப்பு, வாத்திய அமைப்பு, ஒலிப்பதிவு என்னுடையது, வருமானம் மூணு பேருக்கும் சமம்.

நீங்க யார் பக்கம்னு என்னைக் கேட்காதீங்க. ஆனா இந்தச் சண்டை ஏன் வந்ததுன்னு யோசிச்சா ஒண்ணு புலப்படும். நாட்டுப்புற முறையில் ஒருத்தர் வார்த்தையை வாயால் சொல்லும்போதே மெட்டும் கூட வரும். ஒப்பாரி வைக்கிற அம்மாவிடம் போய் வரி யாருது, ராகம் யாருதுன்னு பிரிச்சுக் கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க. ஸ்டுடியோ முறையில் அந்தக் குரல் கச்சாப் பொருள். அதை எந்த கார்டில் நிறுத்தி, எங்கே வெட்டி, எங்கே திரும்பக் கொண்டு வர்றதோ அதுதான் இசையமைப்பு. ரெண்டு பேரும் 'நான் இசையமைச்சேன்' என்று சொல்லும்போது, ரெண்டு பேர் மனசிலும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற.

மருத்துவமனையில் கேஸ் ஷீட் என்று ஒண்ணு இருக்கு. ஊசி போட்ட நர்ஸ் முதல் கத்தி வெச்ச சர்ஜன் வரை, தொட்டவங்க எல்லாம் நேரம் போட்டுக் கையெழுத்துப் போடணும். நோயாளி நல்லாகி வீட்டுக்குப் போனாலும் அது இருக்கும். பாட்டுக்கு அப்படி ஒரு கேஸ் ஷீட் முதல் நாளே எழுதினா, பாதிச் சண்டை வராது.

இதில் கொடுமை என்னன்னா, 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வீடியோ போட்டு, இந்தப் பாட்டிலிருந்து எங்க யாருக்கும் வருமானம் வரலை, ரகுமானும் ஏமாற்றப்பட்டவர்தான் என்றார். நிறுவனம் அதை ஏத்துக்கலை. யார் சொல்றது கணக்குன்னு தீர்ப்பு சொல்ற இடத்தில் நான் இல்லை. ஆனால் பாட்டு யாருதுன்னு ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டதுக்கு மேல மூணாவதா ஒரு மாடி இருந்திருக்கு என்பது அப்போதான் வெளியே தெரிஞ்சது. அறிவு பிறகு போட்ட தன் ஆல்பத்துக்கு வெச்ச பேர் 'வள்ளியம்மா பேராண்டி'.

இன்னொரு மலைக்குப் போவோம். அட்டப்பாடி. கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி தாண்டினா கேரளா. அங்கே இருளர் சமூகத்து நஞ்சியம்மா, ஆடு மேய்ச்சுக்கிட்டுப் பாடினவர். 2020-ல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் இயக்குநர் சச்சி அவரைப் பாட வெச்சார். இசை ஜேக்ஸ் பிஜாய். பாட்டு நஞ்சியம்மாவோட சொந்தப் பாட்டு, அவர் மொழியில். கேட்டுப் பாருங்க, குரல்தான் முன்னாடி நடக்கும், வாத்தியம் பின்னாடி வரும். 2022-ல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது.

உடனே ஒரு இசைக்கலைஞர் கேட்டார்: சுருதி கொடுத்து ஒரு சாதாரண பாட்டு கொடுத்தால் அவரால் பாட முடியுமா, வருஷக்கணக்கா பயிற்சி எடுத்தவங்களுக்கு இது அவமானம் இல்லையா. நிறைய பேர் நஞ்சியம்மா பக்கம் நின்னு பதில் சொன்னாங்க.

எனக்கு அந்தக் கேள்வியிலேயே ஒரு தப்பு தெரியுது. சுருதி 'கொடுப்பது' என்கிறாரே, யாருடைய சுருதியை? இன்னிக்கு எந்த ஸ்டுடியோவிலும் இருக்கிற ஆட்டோ-டியூன் 1997-ல் வந்தது. கண்டுபிடிச்சவர் ஆண்டி ஹில்டிபிராண்ட், அதுக்கு முன்னாடி பூமிக்கடியில் எண்ணெய் தேடுறதுக்கான அதிர்வுக் கணக்குப் போட்டவர். அந்த மென்பொருள் வழக்கமாக ஒரு ஸ்தாயியை 12 படியாகப் பிரிச்சு, நடுவில் நிக்கிற குரலைப் பக்கத்துப் படியில் தூக்கி வெச்சிடும். மலைப் பாட்டில் பாதி உயிர் அந்த நடுவில்தான் இருக்கு. அதைத் 'திருத்துகிற' தயாரிப்பாளர் கெட்ட எண்ணத்தோடு செய்யறதில்லை. அவர் காதுக்கு அது பிசிறு.

சமீபத்தில் எங்க பக்கத்துத் தம்பி ஒருத்தன் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவன் கேட்டான். அவனும் நாலு பசங்களும் சேர்ந்து பாடுவாங்க, வாசிப்பாங்க. "சார், கீழேயிருந்து ஒருத்தர் மைக்கெல்லாம் எடுத்துட்டு வந்து எங்க பாட்டை ரெக்கார்ட் பண்றேன்கிறார். பெரிய ஆளாக்கிடுவேன்கிறார். பேப்பர்ல கையெழுத்து கேக்கறார். போடலாமா?" இந்த த்ரெட் எழுத உட்கார்ந்ததே அதனாலதான்.

வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. கீழேயிருந்து வர்றது எல்லாம் கெடுதல்னு சொல்றது சோம்பேறித்தனம். இந்த மலையிலேயே ரெண்டு மாதிரியும் பார்த்தாச்சு.

ஒரு காலத்தில் இங்கே காடு முழுக்க சாமை, தினை, கேழ்வரகு. அப்புறம் கீழே சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் குச்சிக்கிழங்கு கேட்டன. காசு கைமேல். சாமைக் காடெல்லாம் கிழங்குக் காடா மாறிச்சு. யாரும் கட்டாயப்படுத்தலை. வாங்குறவன் ஒண்ணை மட்டும் வாங்கினான், அவ்வளவுதான். சாமை குறைஞ்சதுக்கு இன்னொரு காரணமும் உண்டு: அதை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களுக்கு முதுகு ஒடியும் வேலை. 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை பார்த்தபோது, விதையோடு சேர்த்து சின்ன அரைவை இயந்திரங்களையும் கொண்டு வந்தாங்க, மகளிர் குழுக்கள் கையில் கொடுத்தாங்க. அவங்களும் வெளியாட்கள்தான். ஆனால் சாமையை சாமையாகவே விட்டுட்டு, வலியை மட்டும் எடுத்தாங்க.

பாட்டு ரெக்கார்ட் பண்ண வர்றவர் ஜவ்வரிசி ஆலையா, அரைவை மெஷினா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? தம்பிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன், ஏன்னா உங்க ஊரிலும் ஒரு தம்பி இருப்பான்.

முதல்ல, வெளியிடறதுக்கு முன்னாடி முழுசா முடிஞ்ச பாட்டை உங்களுக்குப் போட்டுக் காட்டுவாரா, பிடிக்கலைன்னா மாத்துவாரா என்று கேளு. இதுக்கு அவர் முகம் எப்படிப் போகுதுன்னு பாரு. பாதி பதில் அங்கேயே கிடைச்சிடும்.

அப்புறம் சட்டம். இது நிறைய பேருக்குத் தெரியாது. நம்ம பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது, 2012-ல் பெரிய திருத்தம் செஞ்சாங்க. அதன்படி படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்த்த பாட்டின் வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும், பிற பயன்பாட்டில் வர்ற ராயல்டியில் தங்களுக்குள்ள சமப் பங்கை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கிற சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றலாம். 'எல்லா உரிமையும் உனக்கே'ன்னு பேப்பரில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது. சினிமாப் பாடலாசிரியர்கள் வருஷக்கணக்கா போராடி வாங்கினது இது.

பாடினவர், வாசிச்சவருக்கும் தனியா உரிமை இருக்கு. பிரிவு 38பி. நிகழ்த்தியவர் இவர்தான் என்று பேர் போடச் சொல்லிக் கேட்கலாம். தன் பேர் கெடும்படி நிகழ்ச்சியைச் சிதைச்சா தடுக்கலாம். 1970-ல் பால் மெக்கார்ட்னிக்கு ஒரு கடிதம்தான் எழுத முடிஞ்சது. குண்டனி நாட்டுப் பையனுக்கு, ஏட்டளவிலாவது, அதைவிடக் கூடுதல் இருக்கு.

நாலு தலைமுறையாப் பாடுற ஊர்ப் பாட்டு என்றால் சிக்கல் வேற மாதிரி. அந்தப் பாட்டுக்கு உரிமையாளர்னு தனி ஆள் கிடையாது. ஆனால் ஒருத்தர் ரெக்கார்ட் பண்ணி யூடியூபில் ஏத்தி, கன்டென்ட் ஐடியில் பதிஞ்சுட்டார்னா, நாளைக்கு உங்க ஊர்த் திருவிழாவில் உங்க பாட்டியே பாடின வீடியோவுக்கு உரிமைகோரல் வர வாய்ப்பிருக்கு. அதனால பேப்பரில் ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்லு: இது ஊர்ப் பாட்டு, மெட்டும் வரியும் அவருக்குச் சொந்தமில்லை, இந்தப் பதிவு மட்டும்தான் கூட்டுச் சொத்து.

கடைசியா, ரெக்கார்ட் பண்ற அன்னிக்கே ஒரு நோட்டில் எழுதி வை. தேதி, இடம், யார் பாடினா, யார் எந்த வாத்தியம், எந்த வரி யார் சொன்னது, வேகத்தைக் கூட்டச் சொன்னது யார். எல்லாரும் கையெழுத்து. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அஞ்சு பேருக்கும் அனுப்பிடு. அவரையும் சேர்த்து அனுப்பு.

கிளிக் வேணும்பார். ஒரு டேக் கிளிக்கோட, ஒரு டேக் கிளிக் இல்லாம எடுக்கச் சொல்லு, ரெண்டையும் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு சொல்லு.

காய்ச்சல் மூணு நாளைக்கு மேல போனா ரத்தம் டெஸ்ட் பண்ணணும், மறக்காதேன்னும் சொல்லி அனுப்பினேன். இங்கே யாருக்காவது ஒப்பந்தப் பேப்பர் பற்றி நல்லாத் தெரிஞ்ச வக்கீல் நண்பர்கள் இருந்தா கீழே எழுதுங்க, நான் அவனுக்குக் காட்டறேன்.